ஆங்கிலச் சொல் படித்தும் கைக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆங்கிலச் சொல்வளத்தைக் கூட்ட வேண்டும் என்று நோட்டுப் போட்டு, பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுதி வருகிற தமிழர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். தொடக்கக் கல்லூரியில் ஜிபி என்ற பொதுத்தாள் தேர்வு எழுதப்போகும் மாணவர், ஊரிலிருந்து வேலைக்கு வந்து அலுவலக மின்னஞ்சலோடு மல்லுக்கட்டும் பொறியாளர், பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) பயிற்சித் தாளைப் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்து படிக்கும் அம்மா. சமூக மன்ற வகுப்பில் நான் சந்திக்கும் இவர்கள் எல்லாரும் கடைசியில் ஒன்றையே சொல்கிறார்கள்: “படிக்கிறேன், ஆனால் பலன் தெரியவில்லை.” சொன்ன கையோடு இன்னொரு சொற்பட்டியலைக் கேட்கிறார்கள்.

பட்டியலை நீட்டுவதால் இது தீராது. ஒரு சொல் நம் வசமாக வேண்டுமானால் அது நினைவில் தங்க வேண்டும், தேடும்போது வாய்க்கு வர வேண்டும், சரியான துணைச் சொற்களோடு வர வேண்டும், காதில் விழுந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். இவற்றில் எது நடக்கவில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுச் சொற்களைச் சேர்த்தால், அரைகுறையாகத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கைதான் கூடும்.

முதலில் ஒரு சோதனை

போன மாதம் படித்த சொற்களில் பத்தை எடுங்கள். இந்த வாரம் படித்தவை வேண்டாம், அவை இன்னும் சூடாக இருக்கும், உண்மையைக் காட்டாது. சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்லிப் பாருங்கள். அடுத்து, பொருளை மட்டும் பார்த்துச் சொல்லைச் சொல்லுங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து நோட்டில் இல்லாத ஒரு புது வாக்கியம் எழுதுங்கள். கடைசியாக, வீட்டில் யாரையாவது அந்தச் சொற்களை வாக்கியத்துக்குள் வைத்து வேகமாகப் படிக்கச் சொல்லி, எது எது என்று கேட்டுக் கண்டுபிடியுங்கள்.

எந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் தவறுகிறதோ அங்கேதான் கோளாறு. கீழே அறிகுறிகளாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் மூன்றாவது அறிகுறியை எல்லாரும் ஒரு முறை படித்துவிடுங்கள், ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

“பார்த்த சொல்தான், பொருள் மட்டும் மறந்துபோச்சு”

இது படித்த முறையின் கோளாறு. உங்கள் மூளையைக் குறை சொல்ல வேண்டாம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகப் பாய்கிறது, பிறகு மெதுவாகிறது என்று அதில் தெரிந்தது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, நாட்களுக்கு இடையே பரப்பிப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்பதையும் அவரே கண்டார். ஆக, ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து நாற்பது சொல் எழுதிவிட்டு அடுத்த ஞாயிறு வரை நோட்டைத் திறக்காதவருக்கு மறக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரிசெய்ய ஓர் அட்டைப்பெட்டி போதும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறை இது. பெட்டியை ஐந்து அறையாகப் பிரியுங்கள். புதுச் சொல் அட்டை முதல் அறையில் நுழையும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, அதற்குப் பிந்தியவற்றை இன்னும் இடைவெளி விட்டு. கைப்பேசியில் செய்ய விரும்பினால், டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆங்கி என்ற செயலி இதே வேலையைத் தானாகக் கணக்குப் போட்டுச் செய்கிறது. உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ரயிலில் போகிறவருக்கு அன்றைய அட்டைகள் வழியிலேயே முடிந்துவிடும்.

ஒரு நாளைக்குப் புதுச் சொல் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐந்தா என்று குறைவாக நினைக்காதீர்கள். பழைய அட்டைகளும் திரும்பி வந்துகொண்டே இருக்கும். இருபது இருபதாகச் சேர்த்தவர்கள் மூன்றாவது வாரத்தில் மலைத்துப்போய்ப் பெட்டியையே மூடிவிடுகிறார்கள்.

இன்னொன்று. நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது படிப்பாகாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பகுதியினர் பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். புரட்டும்போது “தெரியும், தெரியும்” என்று மனசு சொல்வதை நம்ப வேண்டாம்.

“வாசித்தால் புரியுது, எழுத உட்கார்ந்தால் வரமாட்டேங்குது”

அட்டையை ஒரே திசையில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். சொல்லைப் பார்த்துப் பொருளைச் சொல்வது வாசிப்புக்கான பயிற்சி. எழுதும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: மனத்தில் கருத்து இருக்கிறது, சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். யாருக்கும், தாய்மொழியில்கூட, புரிகிற சொற்கள் அதிகமாகவும் பயன்படுத்துகிற சொற்கள் குறைவாகவும்தான் இருக்கும். அந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் அட்டையைத் திருப்பி எழுதுங்கள்.

முன்பக்கம் பொருள், அதன் கீழே சொல் விடுபட்ட வாக்கியம், முதல் எழுத்து மட்டும் துப்பு. பின்பக்கம் சொல். எடுத்துக்காட்டாக, முன்பக்கத்தில் “பதவி, உரிமை, அதிகாரம் போன்றவற்றை, பலசமயம் மனமில்லாமல், விட்டுக்கொடுப்பது” என்று எழுதுங்கள். கீழே ‘ஆஃப்டர் ட்வென்டி இயர்ஸ் ஹி ரி______ ஹிஸ் போஸ்ட்’. பின்பக்கம் ‘ரிலின்க்விஷ்ட்’. இருபது ஆண்டு கோயில் நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கும் பெரியவர் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த மனமில்லாமையும் சேர்ந்தே தங்கும்.

விடையை வாய்க்குள் முணுமுணுத்தால் போதாது, கையால் எழுதுங்கள். அப்புறம், படித்த சொல்லை அந்த வாரத்திலேயே நிஜமான ஓர் இடத்தில் பயன்படுத்துங்கள். மேலாளருக்குப் போகும் அறிக்கையோ நாட்குறிப்போ பள்ளிக் கட்டுரையோ, எதுவானாலும் சரி. பயிற்சி வாக்கியத்துக்குள்ளேயே வாழ்ந்த சொல் தேர்வு அறையில் உதவிக்கு வராது.

“பொருள் சரிதான், ஆனால் வாக்கியம் தப்பு என்கிறார்கள்”

இங்கே நின்று பேச வேண்டும். சொல்லின் பொருளை மட்டும் படித்துவிட்டு, அது யாரோடு சேரும், யாரோடு சேராது என்பதைப் படிக்காமல் விடுவதுதான் இந்தக் கோளாறின் வேர்.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். கனமழை என்கிறோம், பலத்த காற்று என்கிறோம், கடும் வெயில் என்கிறோம். மூன்றிலும் சொல்ல வருவது “அதிகம்” என்பதுதான். ஆனாலும் கனவெயில் என்று யாரும் சொல்வதில்லை. யாரும் நமக்கு இதை விதியாகச் சொல்லித் தரவில்லை, கேட்டுக் கேட்டுப் பழகினோம். ஆங்கிலத்திலும் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. ஒரு சொல்லை அதனோடு சேரும் சொற்களைப் பார்த்துத்தான் அறிய முடியும் என்று மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். சொற்பட்டியல் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையைத்தான் வெட்டிவிடுகின்றன.

‘எக்ஸாசர்பேட்’ என்ற சொல்லைப் பாருங்கள். பட்டியலில் “மோசமாக்கு” என்று இருக்கும். அதை நம்பி ஒரு மாணவி, வடிவான தன் கையெழுத்தை அவசரம் ‘எக்ஸாசர்பேட்’ செய்துவிட்டதாக எழுதினால் தவறாகிவிடும். ஏற்கெனவே கெட்டிருக்கிற ஒன்றை மேலும் கெடுப்பதற்குத்தான் அந்தச் சொல். பிரச்சினை, பதற்றம், பற்றாக்குறை, நோய் இவைதாம் அதன் பின்னால் வரும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இதற்கு வாக்கியம் தேட வேண்டியதே இல்லை. 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட நாளை நினைத்துக்கொள்ளுங்கள்: ‘த ஹேஸ் எக்ஸாசர்பேட்டட் ஹர் ஆஸ்த்மா’. ஆஸ்துமா முன்பே இருந்தது, புகைமூட்டம் அதைக் கூட்டிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தில் பொருளும் இருக்கிறது, பயன்படுத்தும் விதியும் இருக்கிறது.

சில சொற்களுக்குச் சாய்வு உண்டு. ‘காஸ்’ என்பது சாதாரணச் சொல், “உண்டாக்கு” என்று சின்ன வயதிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் உண்மையான ஆங்கில எழுத்தில் அதன் பின்னால் வருபவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சேதம், தாமதம், கவலை, விபத்து என்று கெட்டவையே மிகுதி. ‘காஸ் ஹேப்பினஸ்’ என்று எழுதினால் இலக்கணம் பிழையில்லை, ஆனாலும் படிப்பவருக்கு எங்கோ இடறும். ‘ரைஃப்’ என்பதும் அப்படி. “நிறைந்த” என்று அகராதி சொல்லும், ஊழலும் வதந்தியும்தான் அங்கே நிறையும்.

‘மிட்டிகேட்’ கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு அன்றாடம் கண்ணில் படும் சொல். அபாய மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். ஆபத்தின், பாதிப்பின் கடுமையைக் குறைப்பது என்று பொருள். நேராகச் செயப்படுபொருள் வரும்: ‘மிட்டிகேட் த ரிஸ்க்’. இடையில் ‘அகெய்ன்ஸ்ட்’ போட்டால் பிழை. அந்த ‘அகெய்ன்ஸ்ட்’ உண்மையில் ‘மிலிட்டேட்’ என்ற வேறு சொல்லுக்கு உரியது. ஒன்று நடக்கவிடாமல் எதிராக நிற்பது என்று அதற்குப் பொருள்.

தமிழிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பிழைகளும் இந்த வகைதான். “அதைப் பற்றி விவாதித்தோம்” என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ்’ஸுக்கு ‘அபவுட்’ வேண்டாம். “அதன்மேல் அழுத்தம் கொடுத்தார்” என்ற நினைப்பில் ‘எம்ஃபஸைஸ் ஆன்’ வருகிறது. வினைச்சொல்லாக இருக்கும்போது ‘ஆன்’ வராது, பெயர்ச்சொல்லாக ‘எம்ஃபஸிஸ்’ என்றால் வரும். ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ அதிகப்படி. இந்தச் சின்னச் சொற்களை அட்டையில் சிவப்பு மையால் எழுதுங்கள். உயர்தரச் சொல் தெரிந்தும் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்களால்தான்.

சேர்க்கையை எங்கே பார்ப்பது? மார்க் டேவிஸ் தொகுத்த கோக்கா என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் நூறு கோடிக்கும் அதிகமான சொற்கள் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டினால் முன்னும் பின்னும் வருபவை வரிசையாக வரும். நம் ஊரிலேயே இன்னொரு நல்ல வழி இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில், 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்கள் மின்வடிவில் கிடக்கின்றன. ஒரு சொல்லைத் தேடி, கிடைக்கிற வரிகளில் பத்தைப் படியுங்கள். காலத்தை மட்டும் பிந்திய ஆண்டுகளுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு முந்தைய வாக்கியம் படிக்கச் சுவையாக இருக்கும், இன்றைய அறிக்கைக்கு உதவாது. பத்து வரியில் ஆறேழு வரிகள் ஒரே துணைச் சொல்லைக் காட்டினால் அதையே அட்டையில் ஏற்றுங்கள்.

ஆக, என் கணக்கில் ஒரு நல்ல அட்டையில் இருக்க வேண்டியவை: இந்தச் செயலை யார் செய்வார், எதன்மேல் செய்வார், பின்னால் எந்த உருபு வரும், நல்லதற்கா கெட்டதற்கா, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். இதை எழுதவே ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும். இப்படித் தெரிந்த இருநூறு சொல், பொருள் மட்டும் தெரிந்த இரண்டாயிரம் சொல்லைவிட மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“இரண்டு சொல் ஒன்றோடொன்று குழம்புது”

ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துப் படித்திருப்பீர்கள். ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஜோடி ஜோடியாகப் படித்தால் நன்றாக ஒட்டும் என்று தோன்றும். 1990களில் ஆய்வாளர்கள் டிங்கம், வாரிங் ஆகியோர் செய்த சோதனைகள் இதற்கு மாறாகக் காட்டின: பொருளில் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் ஒன்றையொன்று இடறிவிட்டு நேரம் கூடுகிறது. ஆனாலும் பயிற்சி நூல்கள் ஜோடியாகவே தருகின்றன.

ஒன்றை நன்றாக நிலைக்கவிட்டு, சில வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள். ‘இன்ஃபர்’ என்பது கேட்பவர், படிப்பவர் செய்வது, குறிப்பிலிருந்து ஊகித்தறிவது. அது பழகிய பிறகு, சொல்பவர் மறைமுகமாக உணர்த்துவதான ‘இம்ப்ளை’யைச் சேருங்கள். ‘டிஸ்இன்ட்ரெஸ்டட்’ என்றால் சொந்த லாபம் பார்க்காத நடுநிலை, நீதிபதிக்குப் பொருந்தும். ‘அன்இன்ட்ரெஸ்டட்’ என்றால் அக்கறை இல்லாதவர். ‘இன்ஜீனியஸ்’ புத்திசாலித்தனமான, ‘இன்ஜென்யுவஸ்’ சூதுவாது தெரியாத. ஏற்கெனவே குழம்பிவிட்டவர்கள் ஒரு சொல்லின் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

“அகராதி பார்த்தும் புரியலை”

அகராதியை மாற்றுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காக எழுதிய அகராதி, கடினமான ஒரு சொல்லை இன்னொரு கடினமான சொல்லால் விளக்கும், அதைத் தேடிப்போனால் முதல் சொல்லுக்கே திருப்பி அனுப்பும். கற்போருக்கென்றே எழுதியவை தனி. லாங்மேன் நிறுவனம் 1978இல் வெளியிட்ட அகராதி ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. 1987இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. அந்த வாக்கியத்திலேயே யார் செய்வார், எதைச் செய்வார் என்பது தெரிந்துவிடும். மேலே சொன்ன அட்டை முறைக்கு அதுதான் மிகவும் ஒத்துவருகிறது.

தமிழ்ப் பொருளை எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள், முதல் பிடி அதனால் சீக்கிரம் கிடைக்கும். அங்கேயே நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். “கண்டித்தல்” என்று நோட்டில் எழுதினால் அதற்குள் நான்கு ஆங்கிலச் சொற்கள் ஒளிந்திருக்கும். அரசாங்கம் ஒரு தாக்குதலைப் பகிரங்கமாகக் கண்டிப்பது ‘கண்டெம்’. நாடாளுமன்றம் போன்ற ஓர் அமைப்பு முறைப்படி கண்டனம் தெரிவிப்பது ‘சென்ஷர்’. மேலதிகாரி ஊழியரை அலுவல்முறையில் எச்சரிப்பது ‘ரெப்ரிமாண்ட்’. ஒருவர் இன்னொருவரை முகத்துக்கு நேரே கடிந்துகொள்வது ‘ரிபியூக்’. தமிழ்ப் பொருளுக்குப் பக்கத்தில் “யார், யாரை” என்று இரண்டு சொல் கூடுதலாக எழுதினால் நான்கும் பிரிந்து நிற்கும். நான்கையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம் என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

வேர்ச்சொல் பிரித்துப் பார்ப்பதும் உதவும். ‘பெனி’ நல்லது, ‘மால்’ கெட்டது என்று தெரிந்தால் ‘பெனெவலன்ட்’, ‘மெலெவலன்ட்’ எளிதாகும். ஆனால் ஊகித்த பிறகு அகராதியில் ஒரு முறை சரிபாருங்கள். ‘இன்வேல்யுவபிள்’ என்பதை மதிப்பில்லாதது என்று பிரித்துவிடத் தோன்றும், அது மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது.

“பெரிய சொல் போட்டேன், ஆனால் அந்நியமா ஒலிக்குது”

சொல்லுக்கு இடம், காலம், ஆள் உண்டு. உயர்தரச் சொல்வளம் என்றால் எல்லா இடத்திலும் நீளமான சொல் என்று எடுத்துக்கொள்வதால் இந்த அறிகுறி வருகிறது. சக ஊழியருக்கு அனுப்பும் இரண்டு வரி மின்னஞ்சலில் ‘யூஸ்’ போதும், ‘யூட்டிலைஸ்’ வேண்டாம். ‘ஆசர்டெய்ன்’ (உறுதிசெய்து அறிவது) விசாரணை அறிக்கையில் கம்பீரமாக நிற்கும், வாட்ஸ்அப் செய்தியில் விறைத்துப்போய் நிற்கும்.

தொடக்கநிலைப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இது வேறு வடிவில் வருகிறது. நல்ல சொற்றொடர்கள் என்று ஒரு தொகுப்பை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எந்தக் கதையானாலும் நெற்றியில் வியர்வை முத்துகள் உருளும், இதயம் முரசு கொட்டும். பெற்றோரிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அந்தப் பக்கங்களை மூடிவைத்துவிட்டு, பிள்ளை அன்று பார்த்த ஒரு காட்சிக்குச் சரியான ஒரே ஒரு வினைச்சொல்லைத் தேடச் சொல்லுங்கள். நடந்தான் என்பதற்குப் பதில் களைத்துப்போய்ச் சிரமப்பட்டு நடந்தானா, விறுவிறுவென்று நடந்தானா, காலை இழுத்து நடந்தானா? ‘ட்ரட்ஜ்’, ‘ஸ்ட்ரைட்’, ‘ஷஃபிள்’ எல்லாம் அப்படிப் படித்தால் காலத்துக்கும் நிற்கும்.

இன்னொரு வகை அந்நியம், ஊர் வழக்கு. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் அலுவலக மின்னஞ்சலில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் அனுப்பு. இங்கே எல்லாருக்கும் புரியும். லண்டனில் இருக்கும் ஒருவர் பழைய நிலைக்குத் திரும்பச் சொல்கிறார்கள் என்று நினைக்கக்கூடும். வெளிநாட்டுக்குப் போகும் கடிதமானால் ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடுங்கள். சிங்கப்பூரின் பேச்சு வழக்கு ஆங்கிலமான சிங்கிலிஷ் பேசுவதால் சொல்வளம் கெட்டுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோப்பிக் கடையில் ஒரு மாதிரியும் நேர்காணலில் வேறு மாதிரியும் பேசத் தெரிந்தவருக்குச் சொல்லின் இடம் பொருள் ஏவல் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது.

“எழுத்தில் தெரியும், காதில் விழுந்தால் தெரியலை”

கண்ணால் மட்டும் படித்த சொற்களுக்கு இது நேரும். தமிழில் எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதே நம்பிக்கையை ஆங்கிலத்தின்மேல் வைக்க முடியாது. ஒன்றுக்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு என்ற பொருளுள்ள சொல் ‘எபிடோம்’ இல்லை, ‘எபிடமி’. மிகைப்படுத்தல் ‘ஹைப்பர்போல்’ இல்லை, ‘ஹைபர்பலி’. குற்றம் சாட்டுவது ‘இண்டிக்ட்’ என்று எழுத்தில் தெரியும், ஒலி ‘இண்டைட்’. இடிபாடு ‘டெப்ரி’, கடைசி மெய் ஒலிக்காது. திட்டம் கோணலாகிப்போவதைக் குறிக்கும் சொல் எழுத்தில் ‘ஆரி’ போலத் தெரியும், ஒலி ‘அ-ரை’, அழுத்தம் இரண்டாவது அசையில்.

அழுத்தம்தான் நமக்குக் கூடுதல் கஷ்டம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே பலத்தில் உச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறும்: ‘ரெகார்ட்’ முதல் அசையில் அழுத்தினால் பதிவு என்ற பெயர்ச்சொல், இரண்டாவதில் அழுத்தினால் பதிவு செய் என்ற வினை. அட்டையில் அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போடுங்கள். எழுதிய அன்றே அகராதிச் செயலியின் ஒலிப் பொத்தானை அழுத்திக் கேட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலே நான் தமிழில் எழுதிக் காட்டியவையும் கிட்டத்தட்டத்தான், காதுதான் இறுதித் தீர்ப்பு.

“இவ்வளவு படிச்சும் நாளிதழில் புதுச் சொல் வந்துகிட்டே இருக்கு”

எந்தச் சொற்களைப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகளுக்கான அரிய சொற்களின் பட்டியலிலிருந்து தொடங்கியவர்கள், வாழ்நாளில் சில முறையே எதிர்ப்படும் சொற்களில் உழைப்பைக் கொட்டியிருப்பார்கள். நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கின்படி, நாளிதழையும் நாவலையும் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் 98 விழுக்காடு தெரிந்ததாக இருக்கும், ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிதாக வரும், அதையும் சூழலை வைத்து ஊகிக்கலாம். அந்த எண்ணைப் பார்த்துச் சோர வேண்டாம். உயர்நிலைப் பள்ளியை முடித்த ஒருவருக்கு அதில் கணிசமான பகுதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

மாணவர்களும் மேற்படிப்புக்குத் திரும்பும் பெரியவர்களும் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதில் 570 சொற்குடும்பங்கள்தான், ஆனால் பல்கலைக்கழகப் பாட எழுத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அவைதாம். பத்துத் துணைப்பட்டியல்களாக, அதிகம் வருபவை முதலில் என்று பிரித்திருக்கிறார். முதல் மூன்றில் பொருள் தெரிந்தும் வாக்கியம் எழுத வராத சொல் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே போதுமான வேலை கிடைத்துவிடும்.

வேலைக்குப் போகிறவர்கள் பட்டியலே இல்லாமல் தொடங்கலாம். உங்கள் துறையின் அறிக்கைகள், வாரம் ஒரு தலையங்கம், நூலகத்திலிருந்து விருப்பப்பட்ட ஒரு புத்தகம். தெரியாத சொல் வந்தால் கோடு மட்டும் போட்டுவிட்டுப் படித்துக்கொண்டே போங்கள். அதே சொல் வேறோர் இடத்தில் இரண்டாவது முறை வந்தால் அட்டை போடுங்கள், கண்ட வாக்கியத்தையே அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருக்கும் பழைய அட்டைகளையும் ஒரு முறை சலித்துவிடுங்கள். சில மாதமாக வாசிப்பில், பேச்சில், வேலையில் எங்கும் எதிர்ப்படாத சொல்லின் அட்டையை வெளியே எடுத்துவிடலாம். பின்னால் எங்காவது வந்தால், அப்போது கிடைக்கும் வாக்கியத்தோடு புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.